கடை திறக்கும் நேரத்திலா கணினிக்குப் புதுப்பிப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பாதுகாப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தியோ கட்டுரையோ வெளிவரும்போதெல்லாம், இறுதியில் தரப்படும் அறிவுரைகளுள் 'இயங்குதளத்திற்கு வரும் அப்டேட்களை உடனுக்குடன் நிறுவிக்கொள்ளுங்கள்' என்பதும் தவறாமல் இடம்பெறுகிறது. (இயங்குதளம் என்பது விண்டோஸ் போன்ற, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்.) அறிவுரையில் குறையில்லை. ஆனால், எந்த நேரத்தில் நிறுவுவது, அந்த நேரத்தைக் குறிக்க வேண்டியவர் யார் என்பதை அது தொடுவதே இல்லை. சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் சென்று கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், புதுப்பிப்பைப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த நேரத்தைப் பற்றியவையே என்று என்னால் சொல்ல முடியும். ஆகவேதான் இக்கடிதம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பிப்பைப் பதிவிறக்கி ஆயத்தமாக வைத்துக்கொள்ளும் வேலையை இயங்குதளம் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டிய இறுதிக் கட்டத்தை மட்டும், ஏறத்தாழ ஒரு வார வரம்புக்குள், கணினியின் முன் அமர்ந்து வேலை செய்பவர் குறித்துக் கொடுக்கும் நேரத்தில்தான் அது செய்ய வேண்டும். நம் ஊர்க் கடைகளைப் பொறுத்தவரை அந்த நேரம் பெரும்பாலும் இரவு கடையடைக்கும் நேரமாகத்தான் இருக்கும்.

வரம்பு எதற்கு, விருப்பப்பட்ட போது செய்துகொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி நடந்ததை நினைவூட்ட வேண்டும். அன்று 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்றே, வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுக்கப்பட்டிருந்த சந்திப்புகளில் சுமார் 19,000 நின்றுபோயிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பியில் ஓடிய கணினிகளால்தான் இப்படி ஆயிற்று என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. தணிக்கை அறிக்கையோ, தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை திருத்தம் கிடைத்தும் அது நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள் என்று கூறியது. திருத்தம் கையில் இருந்தது, எச்சரிக்கையும் அனுப்பப்பட்டிருந்தது, ஆனால் செய்ய வேண்டிய நாள் எது என்று பல இடங்களில் எவரும் முடிவு செய்யவில்லை.

இதில் பொதுமக்கள் அதிகம் அறியாத ஒரு செய்தியும் உண்டு. ஒரு திருத்தம் வெளியானவுடன், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைத் தேர்ந்த திருடர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே திருத்தம் வெளியான நாளிலிருந்து, அதை நிறுவாத கணினியின் நிலை முன்பைவிட மோசமாகிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆயினும் மக்கள் தள்ளிப்போடுகிறார்கள். அது மட்டுமன்று, அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். "அண்ணே, இந்த அப்டேட் இனிமே வரவே கூடாது, அப்படிப் பண்ணிக் குடுத்துருங்க" என்று கேட்காத கடைக்காரர் அரிது. அதற்குரிய சேவையை உள்ளே போய் முடக்கிவைக்கும் வழி இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கேட்டவுடன் செய்து கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணினி அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கும். அதில்தான் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்களும் ஒரு கோப்புறையில் குவிந்து கிடக்கும். கடைக்காரரைக் குறை சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது எது என்று பார்க்க வேண்டும்.

இணையவழி விண்ணப்பங்களை நிரப்பித் தரும் ஒரு கடையில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள். கல்லூரிச் சேர்க்கைக்காக ஒரு பெண்ணும் அவளுடைய தாயாரும் வந்திருந்தார்கள். புகைப்படமும் கையெழுத்தும் ஸ்கேன் செய்து ஏற்றியாகிவிட்டது. மதிப்பெண் விவரங்கள் பாதி நிரம்பியிருந்தன. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்ததையும் அதைக் கடைக்காரர் படிக்காமலே மூடியதையும் நான் பார்த்தேன்; வரிசையில் ஆறேழு பேர் நிற்கும்போது யார்தான் படிப்பார்கள்? சற்று நேரத்தில் அவர் பக்கத்துக் கணினியில் நகலெடுக்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது திரை நீல நிறமாகி, வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. கணினியை அணைக்க வேண்டாம் என்ற வாசகமும் ஒரு சதவீத எண்ணும் மட்டும் தெரிந்தன. விண்ணப்ப இணையதளம் அனுப்பிய ஓடிபி அந்தத் தாயாரின் கைப்பேசிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி ஆகும்?" என்று அவர் கேட்டார். கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனெனில் கணினியே அதைச் சொல்லவில்லை. முப்பது சதவீதத்தில் நின்ற எண் அசையவே இல்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் யூபிஎஸ் தாங்கக்கூடியது சில நிமிடங்கள்தான் என்பது அங்கிருந்தவர்களில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மறுநாளே அவர் என்னிடம் கேட்டது என்னவாக இருக்கும் என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

புதுப்பிப்பு இப்படிக் கடை வேலைக்கு நடுவில் வந்து நிற்பது தற்செயலன்று. விண்டோஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். நம் கடைகளில் உள்ள கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் மொத்தமாக வெளியிட்டு வருகிறது. வெளியிடும் நேரம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு அது இரவு 10.30; அங்கே குளிர்கால நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில் 11.30. அந்நேரத்தில் நம் கடைகள் அடைத்திருக்கும். ஆகவே அவர்களுடைய செவ்வாய்க்கிழமை நமக்குப் புதன்கிழமை காலையாக வந்து விடிகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பயன்பாட்டு நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகக் கூடாது என்பதற்காக 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற ஏற்பாட்டை 2016இல் விண்டோஸ் 10இல் கொண்டுவந்தார்கள். முதலில் 12 மணி நேரம் வரை குறித்துக்கொள்ளலாம் என்று இருந்ததை மறு ஆண்டே 18 மணி நேரமாக உயர்த்தினார்கள். நாம் எதையும் குறிக்காவிட்டால் தொடக்கத்தில் அதில் இருந்த நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது. மாலையில் ஊழியர் வீட்டுக்குப் போய்விடுவார், கணினி மட்டும் இரவு முழுவதும் மின்இணைப்பில் இருக்கும், விடியற்காலையில் அது தன் வேலையை முடித்துக்கொள்ளும் என்பதே அந்த நினைப்பு. நம் ஊரில் ஷட்டரை இறக்குவதற்கு முன் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள். மின்கட்டணம் ஒரு காரணம், மின்கசிவால் தீப்பிடிக்கும் என்ற அச்சம் இன்னொரு காரணம், இரண்டும் நியாயமானவையே. ஆக, இங்கே ஒரு கணினிக்கு இரண்டே நிலைகள்: ஒன்று, அதில் யாரோ வேலை செய்துகொண்டிருப்பார், அல்லது அதற்கு மின்சாரமே இருக்காது. யாரும் தொடாமல் மின்சாரத்தோடு ஓய்ந்திருக்கும் இரவு நேரம் என்பது அதன் வாழ்க்கையில் வருவதே இல்லை. அந்த நேரத்தை நம்பி வகுக்கப்பட்ட திட்டம் எதுவும் இங்கே காலை பத்து மணிக்குத்தான் வந்து முடியும்.

மறுதொடக்கம் ஏன் தேவைப்படுகிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் பயன்படுத்தும் கோப்பை, அது பயன்பாட்டில் இருக்கும்போதே மாற்றி வைப்பதை விண்டோஸ் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே புதிய கோப்புகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, எல்லா நிரல்களும் நின்றபின், மீண்டும் தொடங்கும் இடைவெளியில் அவற்றை உரிய இடங்களில் அமர்த்துகிறது. நாம் காணும் சதவீத எண் இந்த வேலைக்குரியது. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் பொருத்திய புதிய கணினியில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட கணினியில் முக்கால் மணி நேரம் ஆனாலும் வியப்பதற்கில்லை. லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தில் அமைப்பு வேறு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் இடத்தில் புதியதை வைத்தாலும், அந்த நிரல் மூடப்படும் வரை பழையதையே படித்துக்கொண்டிருக்கும். அதனால் பெரும்பாலான புதுப்பிப்புகள் வேலைக்கு நடுவிலேயே ஓசையின்றி முடிந்துவிடும். கெர்னல் என்ற உட்கரு மாறினால்தான் மறுதொடக்கம் தேவை. அப்போதும் அது நம்மைக் கேட்டுக்கொண்டு காத்திருக்குமே தவிர, தானாக நிறுத்திக்கொள்வது வழக்கமில்லை. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தோறும் தானாகவே நிறுவிக்கொள்கிறது. அதைப் பயன்படுத்தும் என் வாடிக்கையாளர் சிலருக்குப் புதுப்பிப்பு என்ற ஒன்று நடப்பதே தெரியாது.

வழியே இல்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியையே பாருங்கள். 2016இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்திற்கு இரண்டு இடங்களை ஒதுக்கிக்கொள்ளும் முறை அதில் உண்டு. ஓரிடத்திலிருந்து கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றோர் இடத்தில் புதிய பதிப்பு எழுதப்பட்டுவிடும். மறுதொடக்கத்தின்போது இங்கிருந்து அங்கே மாறிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. புதியது சரியாகத் தொடங்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் கணினிகள் இதற்கு முன்பிருந்தே இம்முறையில் இயங்குகின்றன. மைக்ரோசாஃப்ட்டிடமும் மறுதொடக்கமின்றித் திருத்தம் செய்யும் முறை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் விண்டோஸ் 11இன் பெருநிறுவனப் பதிப்புக்கு அது கிடைக்கிறது; அதன்படி ஆண்டுக்கு நான்கு முறை மறுதொடக்கம் செய்தால் போதும், மற்ற மாதங்களில் வேலை நிற்காது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு தனித் துறை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அந்த வசதி. கேட்டுச் சொல்லக்கூட ஆளில்லாத ஜெராக்ஸ் கடைக்கு நீலத்திரை. இந்த வரிசை எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

பயனர் மறுக்கவே முடியாதபடி நிறுவுவதால் வரும் கேடுகளும் கற்பனையல்ல. 2016இல், கேட்காமலே விண்டோஸ் 10 நிறுவப்பட்டுத் தன் கணினி செயலிழந்ததாக வழக்குத் தொடுத்த கலிபோர்னியப் பயண முகவர் ஒருவருக்கு 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2018 அக்டோபர் 2ஆம் தேதி வெளியான பெரும் புதுப்பிப்பு சிலருடைய ஆவணக் கோப்புறைகளில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டார்கள். முதல் நாளே ஆர்வத்தோடு நிறுவியவர்களுக்குத்தான் அந்த இழப்பு. ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. இதற்குப் பிறகு, 2019 மே மாதப் பதிப்பிலிருந்து, வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்பு வைத்திருப்பவர்களும் ஒரு முறைக்கு ஏழு நாட்களாக மொத்தம் 35 நாட்கள் வரை புதுப்பிப்பை நிறுத்திவைக்கலாம் என்று ஆக்கினார்கள். நான் கேட்கும் ஒரு வாரத்திற்கு அந்த ஏழு நாள் பொத்தான் அருமையாகப் பொருந்துகிறது. அப்படி ஒன்று இருப்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

அவசரத்தின் விலையை உலகமே கண்ட நாள் 2024 ஜூலை 19. அன்று நடந்தது இயங்குதளப் புதுப்பிப்பு அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பு. ஆனால் அம்மென்பொருள் இயங்குதளத்தின் உட்கருவோடு ஒட்டி இயங்குவதால் கணினிகளே விழுந்தன. இந்திய நேரம் காலை 9.39க்கு அனுப்பினார்கள், 10.57க்குத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரத்தில் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்து நீலத்திரையில் போய் நின்றன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் தங்கள் நாளிதழிலும் வந்திருக்கும். ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கிறோம் என்று முன்யோசனையோடு அமைப்பை மாற்றி வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை, ஏனெனில் அந்த அமைப்பு இவ்வகைக் கோப்புகளுக்குப் பொருந்தாது. முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் ஒரு சிறு வட்டத்தோடு நின்றிருக்கும்.

இந்த இரு பக்கங்களையும் வைத்துப் பார்த்தே ஒரு வாரம் என்கிறேன். என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லும் கணக்கு எளிது. இரண்டாவது செவ்வாய் கழிந்து வரும் சனிக்கிழமை இரவு, கடைசி வாடிக்கையாளர் போனபின், கல்லாவை எண்ணும் நேரத்தில் புதுப்பிப்பைத் தொடங்குங்கள். அது முடியும் வரை இருந்து, கணினி ஒருமுறை சரியாகத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். வெளியான திருத்தத்தில் பெரிய கோளாறு இருந்தால் அது அந்த நான்கு நாட்களுக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மறுநாள் ஞாயிறு என்பதால் ஏதேனும் தகராறு ஆனாலும் என்னைப் போன்றவர்களைக் கூப்பிட அவகாசம் உண்டு. ஏற்கெனவே திருடர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டை என்று செய்தி வந்தால் மட்டும் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றிரவே செய்துவிட வேண்டும். கடையில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் முதல் நாள் ஒன்றுக்கு மட்டும் செய்து பார்ப்பது நல்லது.

இதை ஒரு பழுதுபார்ப்பவன் வாய்மொழியாகச் சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பதே என் ஆதங்கம். இயங்குதளமே முதல் நாள் அமர்த்தும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இந்தக் கணினியை வழக்கமாக எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?' அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக, 'இன்று ஒரு பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறது, இக்கணினியில் சுமார் இருபத்தைந்து நிமிடம் ஆகும், இப்போது செய்யலாமா, நாளை இரவு செய்யலாமா' என்று சொல்லலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும்போது, எந்தெந்தப் பகுதியில் காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முதல் நாளே தங்கள் நாளிதழில் அறிவிப்பு வருகிறது; மாவு மில்காரர் முதல் வெல்டிங் பட்டறைக்காரர் வரை எல்லோரும் அதைப் பார்த்து வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மின்தடையை மக்கள் பொறுத்துக்கொள்வது இந்த முன்னறிவிப்பால்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டை விண்டோஸ் 11 இப்போது காட்டத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், நல்ல தொடக்கம்.

அணைக்கும்போது நிறுவுவது என்ற வழி ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 'புதுப்பித்து அணை' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சில கணினிகள் புதுப்பித்துவிட்டு அணையாமல் மீண்டும் தொடங்கி அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. நெடுங்காலமாகப் பயனர்கள் சொல்லிவந்த இந்தக் கோளாறுக்கு 2025 அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட் தீர்வு வெளியிட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்ற நம்பிக்கையை இத்தனை காலம் கெடுத்துவிட்டு, மக்கள் அந்தப் பொத்தானைப் பயன்படுத்துவதில்லை என்று குறை கூறுவது முறையாகாது. மடிக்கணினியில் மின்கலம் குறைவாக இருந்தாலோ, மேசைக்கணினி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தாலோ, மறுதொடக்கக் கட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கணினி பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் என்பது உண்மை. திரும்புவதற்கும் அதே அளவு நேரம் பிடிக்கும் என்பதும், சில வேளைகளில் திரும்பாமலே போய்விடும் என்பதும் உண்மை.

பாதுகாப்புத் திருத்தத்தையும் அலங்கார மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பது இன்னொரு குறை. திருத்தத்தை நம்பி நிறுவியவர், மறுநாள் திரையின் பொத்தான்கள் இடம் மாறியிருப்பதையும், கேட்காத செயலி ஒன்று புதிதாக முளைத்திருப்பதையும் கண்டால், அடுத்த முறை திருத்தத்தையும் சேர்த்தே சந்தேகிப்பார். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து வேலை செய்பவர்களுக்கு இது பணச்செலவும்கூட. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் இணைப்பில், சில நூறு மெகாபைட்டுக்கு மேல் வரும் ஒரு பதிவிறக்கம், மற்ற வேலைகளோடு சேர்ந்து, மதியத்திற்குள் அன்றைய அளவைத் தீர்த்துவிடும். அவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவுக்குட்பட்டது) என்று அமைத்துவைத்தால் பெரும்பாலான பதிவிறக்கங்கள் காத்திருக்கும். அமைப்புப் பக்கத்தில் ஒரு நிமிட வேலை.

இனி அரசு செய்ய வேண்டியது. காலக்கெடு விதித்து வேலை வாங்க முடியாது என்பதில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டிருந்தும் நம் ஏடிஎம்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, காலாண்டுக்குக் கால்பங்காக 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் மாற்றி முடிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதே தெளிவு அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களுக்கும், இ-சேவை மையங்களுக்கும், வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் வேண்டும். பள்ளி ஆய்வகங்கள் கோடை விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடக்கும். ஜூனில் திறந்து எல்லாக் கணினிகளையும் ஒன்றாகப் போட்டவுடன், சேர்ந்துபோன புதுப்பிப்புகள் யாவும் ஒரே இணைப்பில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இறங்கும். அந்த முதல் வாரக் கணினி வகுப்பு நடந்த மாதிரிதான். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன் ஆய்வகத்தைத் திறந்து இவ்வேலையை முடித்துவைக்கும்படி ஒரு சுற்றறிக்கை போதும். அதில் மற்றொன்றையும் சேர்க்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் காலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு எந்தச் செவ்வாய்க்கிழமையும் இனி எதையும் கொண்டுவரப் போவதில்லை. அத்தகைய கணினிகள் எத்தனை, அவற்றை மாற்றுவதா, லினக்ஸுக்குக் கொண்டுபோவதா என்று ஒவ்வொரு அலுவலகமும் கணக்கெடுக்க வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதலே நம்மிடம் இருப்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

பொதுமக்கள் நேரடியாக வந்து நிற்கும் அலுவலகங்களில், எந்தக் கணினிக்கு எந்த நாள் மாலை புதுப்பிப்பு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் அது யாருடைய வேலையும் அன்று. விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் குறிக்கும் தேர்வு வாரியங்களும் பல்கலைக்கழகங்களும், நாட்காட்டியைப் பார்த்து, இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த புதன்கிழமையை மட்டும் தவிர்த்துவிட்டால், விண்ணப்பக் கடைக்காரர்கள் அவர்களை வாழ்த்துவார்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். 'உடனுக்குடன் நிறுவிக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையை அடுத்த முறை வெளியிடும்போது, கடையடைக்கும் நேரத்தில் செய்யுமாறும், ஏழு நாள் நிறுத்திவைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் இரண்டு வரிகள் சேர்த்து வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். விண்டோஸ் 11இல் அது அமைப்புகள் பகுதியில், 'விண்டோஸ் அப்டேட்' என்ற பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கணினி பழுதுபார்ப்பவர்,
காரைக்குடி.